ஏற்காடு விடுதி: ரெண்டு ஃபைபர், ஒரு 4ஜி. லைன் செத்தாலும் ரூட்டர் மாறமாட்டேங்குது

காபித்தோட்டம் எழுதியது:

வணக்கம்ங்க. ஏற்காட்டில் நாகலூர் ரோட்டுப் பக்கம் 12 அறை விடுதி. இப்போ இருக்கிற ஏற்பாடு இது:

லைன் 1: ஃபைபர், 100 எம்பிபிஎஸ். லைன் 2: இன்னொரு நிறுவனத்து ஃபைபர், 50 எம்பிபிஎஸ். மூணாவதா சிம் போட்ட 4ஜி ரூட்டர் ஒண்ணு, அதுக்கு மாசக் கணக்கு டேட்டா அளவு உண்டு. மூணும் வந்து சேர்றது மைக்ரோடிக் ஹெக்ஸ் ரூட்டர்ல, அதோட மென்பொருள் ரூட்டர்ஓஎஸ் 7. ரெண்டு ஓஎன்டியும் (ஃபைபர் வந்து முடியுற பெட்டி) அந்தந்த நிறுவனம் கொடுத்த அமைப்பிலேயே இருக்கு, பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை பார்க்காம லைனை அப்படியே கடத்துற நிலை) மாத்தலை.

ரூட்டர்ல ரெண்டு டிஃபால்ட் ரூட் (வெளியே போற பொது வழி) போட்டிருக்கேன். ஒண்ணுக்கு டிஸ்டன்ஸ் (முன்னுரிமை எண், சின்னதுக்கே முதலிடம்) 1, இன்னொண்ணுக்கு 2, ரெண்டுக்கும் செக் கேட்வே பிங் (அடுத்த பெட்டி பதில் சொல்லுதான்னு தட்டிப் பார்க்கிறது). ஈதர்நெட் கேபிளைக் கையால பிடுங்கினா உடனே ரெண்டாவது லைனுக்கு மாறுது. ஆனா மழையில ஓஎன்டியில சிவப்பு விளக்கு எரியும்போது மாறவே மாட்டேங்குது. லைன் 1 கேபிளைப் பிடுங்கினாத்தான் நெட் வருது.

லோடைப் பிரிக்க ரெண்டுக்கும் ஒரே டிஸ்டன்ஸ் வெச்சுப் பார்த்தேன். வேகம் பிரியுது, ஆனா வங்கிப் பக்கமும் புக்கிங் தளமும் பாதியில வெளியே தள்ளுது.

எனக்கு வேண்டியது மூணு: செத்த லைனை ரூட்டரே கண்டுபிடிக்கணும், 100க்கும் 50க்கும் தக்கபடி லோடு பிரியணும், ரெண்டு ஃபைபரும் போனா மட்டும் 4ஜிக்குப் போகணும். படிப்படியா சொன்னா நல்லா இருக்கும்.

—

கொண்டைஊசி_20 எழுதியது:

முதல் கேள்விக்கான பதில் உங்கள் வரியிலேயே இருக்கிறது. செக் கேட்வே பிங் செய்வது கேட்வேயை. உங்கள் கேட்வே ரிசப்ஷன் மேசைமேல் இருக்கும் ஓஎன்டி. மலையில் எங்கே ஃபைபர் அறுந்தாலும் அது கரண்ட் இருக்கும்வரை பதில் சொல்லும். மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறதா என்று மேலே ஊருக்குள் ஒண்டிக்கடையிலேயே நின்று கேட்பது மாதிரி. எனவே பிங் போகவேண்டிய இடம் ஓஎன்டியைத் தாண்டி வெளியே இருக்கவேண்டும். அப்படி வெளி முகவரியையே கேட்வேயாக வைக்கும் வழிக்கு ரெக்கர்சிவ் ரூட் என்று பெயர்.

இரண்டாவது: ஒரே டிஸ்டன்ஸ் வைத்தால் ரூட்டர் அனுப்புநர், பெறுநர் முகவரிகளை வைத்துப் பிரிக்கும். வங்கித் தளம் ஒரே சர்வர் அல்ல. உள்நுழைவு ஒரு முகவரி, கணக்குப் பக்கம் வேறு முகவரி. ஒன்று லைன் 1 வழியாகவும் மற்றது லைன் 2 வழியாகவும் போனால் ஒரே ஆள் இரண்டு ஐபியிலிருந்து வருவதுபோல் வங்கிக்குத் தெரியும், வெளியே தள்ளிவிடும். இதற்கு வழி பிசிசி, அதாவது முகவரியை வைத்து லைன்களுக்குப் பங்கிடும் முறை. ஒரு போனை ஒரே லைனில் ஒட்டவைக்கலாம்.

ஒன்றை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் முடித்தபிறகு ஏமாற்றமாக இருக்கும். 100ம் 50ம் சேர்ந்து ஒரு போனுக்கு 150 கிடைக்காது. ஒரு போன் ஒரு லைனில்தான் போகும். மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்துத்தான் 150.

இனி அமைப்பு. தொடங்கும் முன் ஃபைல்ஸ் பக்கத்தில் பேக்கப் எடுத்து கம்ப்யூட்டருக்கு இறக்கிவிடுங்கள். வின்பாக்ஸில் (மைக்ரோடிக்கை அமைக்கும் செயலி) சேஃப் மோட் பட்டனை அழுத்திவிட்டு வேலை செய்யுங்கள். தவறு செய்து தொடர்பு அறுந்தால் ரூட்டர் தானே பழைய நிலைக்குத் திரும்பும். கீழே பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முகவரிகள் முதலில். இரண்டு ஓஎன்டியும் 192.168.1.1 என்றே வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரே வலைப்பின்னல் இரண்டு போர்ட்டில் இருந்தால் கீழே உள்ள எதுவும் வேலை செய்யாது. லைன் 1 ஓஎன்டியை 192.168.11.1, லைன் 2 ஓஎன்டியை 192.168.12.1, 4ஜி ரூட்டரை 192.168.13.1 என்று மாற்றுங்கள். மூன்றிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள். விருந்தினர் யாராவது ஓஎன்டியின் வைஃபையில் நேராக ஒட்டிக்கொண்டால் அவருக்கு ஃபெயில்ஓவர் (செத்த லைனிலிருந்து தானாக மாறுவது) கிடையாது.

ஹெக்ஸில் ஈதர்1 போர்ட்டுக்கு (லைன் 1) 192.168.11.2/24, ஈதர்2க்கு 192.168.12.2/24, ஈதர்3க்கு 192.168.13.2/24. ஈதர்4ம் ஈதர்5ம் பிரிட்ஜில் (போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது), உள் வலைப்பின்னல். ஆரம்ப அமைப்பில் ஈதர்2 முதல் 5 வரை எல்லாமே பிரிட்ஜில் இருக்கும். ஈதர்2, ஈதர்3 இரண்டையும் பிரிட்ஜ் போர்ட்ஸ் பட்டியலிலிருந்து நீக்கி, இன்டர்ஃபேஸ் லிஸ்ட்டில் வேன் (வெளி இணையப் பக்கம்) பட்டியலில் சேர்த்துவிடுங்கள். மாஸ்கரேட் விதி (உள் முகவரிகளை வெளி முகவரியாக மாற்றுவது) அந்த வேன் பட்டியலைப் பார்த்து இயங்குவதால் அதைத் தொட வேண்டாம். ஈதர்1இல் டிஹெச்சிபி கிளையன்ட் (முகவரியைத் தானாக வாங்குவது) இருந்தால் எடுத்துவிடுங்கள், அது தனியாக ஒரு டிஃபால்ட் ரூட்டைப் போட்டுக் குழப்பும்.

உள்ளே விருந்தினருக்கு 10.20.0.0/23. ஐநூறு முகவரி, தாராளம். லீஸ் நேரம் (ஒரு போனுக்கு முகவரியைக் கொடுத்துவைக்கும் காலம்) 2 மணி நேரம். ஒரே நாளில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் நீளமான லீஸ் வைத்தால் முகவரி தீர்ந்துபோகும்.

இப்போது ரூட். ரூட்டிங், டேபிள்ஸ் பக்கத்தில் லைன்1, லைன்2 என்று இரண்டு டேபிள் (வழிப் பட்டியல்). இரண்டுக்கும் எஃப்ஐபி என்ற பெட்டியில் டிக் கட்டாயம். 7ஆம் பதிப்புக்கு முன் இது தேவைப்படவில்லை, அதனால் பழைய வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

வெளியே பிங் செய்ய இரண்டு முகவரி வேண்டும். 208.67.222.222ம் 208.67.220.220ம் எடுத்துக்கொள்ளுங்கள், ஓப்பன்டிஎன்எஸ் முகவரிகள். ஐபி, ரூட்ஸ் பக்கத்தில் (/32 என்றால் அந்த ஒரே முகவரிக்கு மட்டுமான வழி):

208.67.222.222/32, கேட்வே 192.168.11.1, ஸ்கோப் 10
208.67.220.220/32, கேட்வே 192.168.12.1, ஸ்கோப் 10

அடுத்து மெயின் டேபிளில் டிஃபால்ட் ரூட் மூன்று:

0.0.0.0/0, கேட்வே 208.67.222.222, டிஸ்டன்ஸ் 1, டார்கெட் ஸ்கோப் 11, செக் கேட்வே பிங்
0.0.0.0/0, கேட்வே 208.67.220.220, டிஸ்டன்ஸ் 2, டார்கெட் ஸ்கோப் 11, செக் கேட்வே பிங்
0.0.0.0/0, கேட்வே 192.168.13.1, டிஸ்டன்ஸ் 3

இதே மூன்றையும் லைன்1 டேபிளில் அப்படியே போடுங்கள். லைன்2 டேபிளில் முதல் இரண்டின் டிஸ்டன்ஸை மட்டும் இடம் மாற்றுங்கள். மொத்தம் 9 டிஃபால்ட் ரூட். கேட்வே 208.67.222.222 உள்ள மூன்றுக்கும் கமென்ட் பெட்டியில் லைன்1-வழி என்றும், 208.67.220.220 உள்ள மூன்றுக்கும் லைன்2-வழி என்றும் குறித்துவையுங்கள், பின்னால் உதவும்.

டார்கெட் ஸ்கோப் 11 என்பதை மறந்தால் ரூட் செயலற்றே நிற்கும். 7ஆம் பதிப்பில் டார்கெட் ஸ்கோப், அந்த /32 ரூட்டின் ஸ்கோப்பைவிட ஒன்றாவது கூட இருக்கவேண்டும்.

பிங் 10 வினாடிக்கு ஒருமுறை போகும், தொடர்ந்து இரண்டு தவறினால் ரூட் இறந்ததாகக் கணக்கு. ஆகவே மாறுவதற்கு 20 முதல் 30 வினாடி ஆகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பிங் செய்யும் முகவரியை டிஎன்எஸ்ஸாக (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) பயன்படுத்தவே கூடாது. 208.67.222.222 லைன் 1க்கு ஆணி அடித்து வைக்கப்பட்டிருக்கிறது. லைன் 1 செத்தாலும் ஓஎன்டி உயிரோடு இருப்பதால் மெயின் டேபிளில் அந்த /32 ரூட் செயலிலேயே இருக்கும். ரூட்டர் தன் டிஎன்எஸ் கேள்வியை அங்கே அனுப்பினால் அது செத்த லைனிலேயே போய் விழும். லைன் மாறியிருக்கும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது. பலரும் 8.8.8.8ஐ இரண்டுக்கும் போட்டுவிட்டு ஃபெயில்ஓவர் வேலை செய்யவில்லை என்று நாள்கணக்கில் தேடுவது இதனால்தான். அதனால் ரூட்டரின் டிஎன்எஸ்ஸுக்கு 1.1.1.1ம் 9.9.9.9ம் கொடுங்கள், போன்களுக்கு டிஎன்எஸ்ஸாக ரூட்டரின் முகவரியையே டிஹெச்சிபி வழியாகக் கொடுங்கள். இணைய நிறுவனம் கொடுக்கும் டிஎன்எஸ்ஸும் வேண்டாம். பெரும்பாலும் அது தன் வலைப்பின்னலுக்கு வெளியிலிருந்து வரும் கேள்விக்குப் பதில் தராது.

இனி மேங்கிள், அதாவது பாக்கெட்டுகளுக்கு அடையாளக் குறி போடும் விதிகள். ஐபி, ஃபயர்வால், மேங்கிள் பக்கம், எல்லாமே செயின் ப்ரீரூட்டிங், இன் இன்டர்ஃபேஸ் பிரிட்ஜ். வரிசை முக்கியம்.

முதல் விதி: பெறுநர் 192.168.0.0/16 அல்லது 10.0.0.0/8 என்றால் அக்செப்ட். இது இல்லாவிட்டால் ஓஎன்டி பக்கத்தைத் திறக்க முடியாது.

அடுத்த மூன்று விதிகள் பிசிசி. கனெக்‌ஷன் மார்க் நோ-மார்க், பெறுநர் முகவரி வகை லோக்கல் அல்லாதது. அட்வான்ஸ்ட் பகுதியில் பெர் கனெக்‌ஷன் கிளாசிஃபையர்: சோர்ஸ் அட்ரஸ் 3/0 என்றால் மார்க் கனெக்‌ஷன் லைன்1, 3/1 என்றாலும் லைன்1, 3/2 என்றால் லைன்2. மூன்றுக்கும் பாஸ்த்ரூ (அடுத்த விதியையும் பார்க்கவிடுவது) டிக். 100க்கும் 50க்கும் விகிதம் 2:1, அதனால்தான் மூன்று பங்கு.

கடைசி இரண்டு விதிகள்: கனெக்‌ஷன் மார்க் லைன்1 என்றால் மார்க் ரூட்டிங் லைன்1, பாஸ்த்ரூ வேண்டாம். லைன்2க்கும் அதேபோல்.

சோர்ஸ் அட்ரஸ் என்று வைத்தால் ஒரு போன் எப்போதும் ஒரே லைன், வங்கிச் சிக்கல் தீர்ந்தது. நாற்பது ஐம்பது போன் இருக்கும் இடத்தில் பங்கீடும் ஏறக்குறைய சரியாக விழும். வீட்டில் மூன்றே கருவி என்றால் எல்லாமே ஒரே லைனில் விழக்கூடும், அங்கே போத் அட்ரசஸ் பரவாயில்லை.

கடைசியாக ஃபாஸ்ட்ட்ராக். ஃபில்டர் பக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே ஒரு ஃபாஸ்ட்ட்ராக் விதி இருக்கும். அது மேங்கிளைத் தாண்டிப் பாக்கெட்டை அனுப்பிவிடும். அதனால் பக்கம் பாதி திறக்கும், பாதி தொங்கும். அந்த விதியை டிசேபிள் செய்யுங்கள். 150 எம்பிபிஎஸ்ஸுக்கு ஃபாஸ்ட்ட்ராக் இல்லாமலே ஹெக்ஸ் தாங்கும்.

—

செவ்வாய்பேட்டை_சுவிட்ச் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா விடுதியில தினம் கவனிக்கப்போறது யாரு? ரிசப்ஷன்ல இருக்கிற தம்பி. அவருக்கு மேங்கிள்னா என்னன்னு தெரியவேண்டியதில்ல.

புதுசா வாங்குறவங்களுக்குச் சொல்றேன்: டிபி-லிங்க் ஈஆர்605 மாதிரி பல வேன் ரூட்டர் எடுத்தா இதையே பிரவுசர் பக்கத்துல பத்து நிமிஷத்துல முடிக்கலாம். டிரான்ஸ்மிஷன், லோட் பேலன்சிங் பக்கத்துல பேலன்சிங்கை ஆன் பண்ணணும். அதோட அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரூட்டிங்கையும் ஆன் பண்ணணும், வங்கிப் பக்கம் துண்டிக்காம இருக்கிறது அதனாலதான். ஒவ்வொரு வேன்லயும் அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம் அளவைச் சரியாப் போடணும், அதை வெச்சுத்தான் அது விகிதம் போடுது. விளம்பரத்துல சொன்ன வேகத்தைப் போடாதீங்க, ராத்திரி 9 மணிக்கு அளந்த வேகத்தைப் போடுங்க.

லிங்க் பேக்கப்ல ரெண்டு ஃபைபரும் பிரைமரி, 4ஜி பேக்கப், எல்லா பிரைமரியும் செத்தா மட்டும்னு வைங்க. ஆன்லைன் டிடெக்‌ஷன்ல மேனுவல் எடுத்து, வெளியே இருக்கிற முகவரியைப் பிங்குக்குக் கொடுங்க. ஆல்வேஸ் ஆன்லைன்னு விட்டா கேள்வி கேட்டவருக்கு இருக்கிற அதே வியாதி இதுக்கும் வரும்.

—

கொண்டைஊசி_20 எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், புதிதாக வாங்குபவருக்கு அது போதும். இவர் கையில் ஹெக்ஸ் இருக்கிறது. தவிர, மழைக்காலத்து லைன் விட்டுவிட்டு வரும்போது எவ்வளவு நேரம் பொறுத்துத் திரும்புவது என்று நாமே எழுதிவைக்க ஹெக்ஸில்தான் இடம் இருக்கிறது. பத்து நிமிஷம் என்பதையும் நான் அரை மணி என்றே வைப்பேன்.

—

காபித்தோட்டம் எழுதியது:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. சொன்னபடியே போட்டாச்சு. லைன் 1 ஓஎன்டியில பச்சைக் கனெக்டரைக் கழட்டிப் பார்த்தேன், பிங் 25 தவறி மறுபடி வந்துச்சு. பிரவுசர், புக்கிங் தளம் எல்லாம் சரி.

மிச்சம் ரெண்டு தொல்லை. வைஃபை காலிங்ல பேசிட்டிருந்த போன் மாத்திரம் மாறின பிறகும் திரும்ப வரலை, வைஃபையை அணைச்சு ஆன் பண்ணினாத்தான் வருது. கல் பங்களா அறைக்குள்ள செல் சிக்னல் கிடையாது, அதனால எல்லாரும் வைஃபை காலிங்தான். அடுத்தது, லைன் 1 முழுசா சாகாம இழுத்துக்கிட்டு இருக்கும்போது, பத்துக்கு நாலு பிங் தவறுற நிலையில, ரூட்டர் மாறுறதில்ல.

—

கொண்டைஊசி_20 எழுதியது:

இரண்டும் எதிர்பார்த்ததே. முதலாவதைப் பாருங்கள்.

ரூட் மாறுகிறது, ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கனெக்‌ஷனின் நாட் பதிவு (எந்த வெளி முகவரியோடு போகிறது என்ற குறிப்பு) மாறுவதில்லை. போன் பேச ஆரம்பித்தபோது 192.168.11.2 என்ற முகவரியோடு வெளியே போனது. லைன் மாறியபின்னும் அதே முகவரியோடு ஈதர்2 வழியாக லைன் 2 ஓஎன்டிக்குப் போகிறது. அந்த ஓஎன்டிக்கு 192.168.11 வலைப்பின்னலே தெரியாது, பதில் திரும்பாது. கேபிளைப் பிடுங்கும்போது இன்டர்ஃபேஸே விழுவதால் மாஸ்கரேட் தன் பழைய பதிவுகளை அழித்துவிடும். ரெக்கர்சிவ் ரூட்டில் இன்டர்ஃபேஸ் விழுவதில்லை, பதிவுகள் அப்படியே கிடக்கும்.

டிசிபி (இணையப் பக்கம் திறக்கும் வகை) என்றால் பிரவுசர் கொஞ்சம் பொறுத்துப் புதிய கனெக்‌ஷன் போட்டுக்கொள்ளும். வைஃபை காலிங் யுடிபி 4500 போர்ட் வழியாக ஐபிசெக் என்ற மறையாக்கச் சுரங்கத்தில் போகிறது. போன் சில வினாடிக்கு ஒருமுறை உயிர்ப்புப் பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருப்பதால் அந்தச் செத்த பதிவு காலாவதியே ஆகாது. வயர்கார்டு விபிஎன், சிப் (இணையவழிப் பேச்சு) போன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆகவே லைன் செத்ததும் அதன் பதிவுகளை நாமே அழிக்கவேண்டும்.

இரண்டாவது: செக் கேட்வே இரண்டு தொடர் தவறுதலைத்தான் பார்க்கும். பத்துக்கு நான்கு தவறும் லைன் அதன் கண்ணுக்கு உயிருள்ள லைன்.

இரண்டுக்கும் மருந்து நெட்வாட்ச், ரூட்டரிலேயே உள்ள கண்காணிப்புக் கருவி. டூல்ஸ், நெட்வாட்ச், புதிது. ஹோஸ்ட் 208.67.222.222, வகை ஐசிஎம்பி (பிங்), இன்டர்வல் 30 வினாடி, பாக்கெட் எண்ணிக்கை 20, பாக்கெட் இடைவெளி 200 மில்லிசெகண்ட், இழப்பு வரம்பு 30 சதவீதம். அதே பக்கத்தில் சராசரித் தாமதத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. அதை 300 மில்லிசெகண்டுக்கு உயர்த்துங்கள், இல்லாவிட்டால் சாயங்கால நெரிசலில் தாமதம் கூடியதற்கே லைன் செத்ததாக முடிவு கட்டும்.

டவுன் ஸ்கிரிப்டில் (லைன் செத்ததும் ஓடும் கட்டளைகள்) இரண்டு வேலை, இந்த வரிசையில்: லைன்1-வழி என்று கமென்ட் உள்ள ரூட்டுகள் மூன்றையும் ஃபைண்ட் செய்து டிசேபிள், பிறகு ஃபயர்வால் கனெக்‌ஷன் பட்டியலில் கனெக்‌ஷன் மார்க் லைன்1 உள்ளவற்றை ஃபைண்ட் செய்து ரிமூவ். வரிசையைத் திருப்பினால், அழித்த பதிவு அடுத்த நொடியே செத்த லைனில் மறுபடி பிறக்கும். /32 ரூட்டைத் தொடவேண்டாம். அது இருந்தால்தான் லைன் திரும்பியதா என்று நெட்வாட்ச் பார்க்க முடியும்.

அப் ஸ்கிரிப்ட் காலியாக இருக்கட்டும். இடி மழை நாளில் லைன் வரும், போகும், மறுபடி வரும். ஒவ்வொரு முறையும் ரூட்டைத் திருப்பினால், லைன் செத்தே கிடப்பதைவிட மோசம். அதற்குப் பதிலாக ஷெட்யூலரில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கிரிப்ட்: நெட்வாட்ச் நிலை அப் என்று இருந்து, லைன்1-வழி ரூட்டுகள் டிசேபிளில் இருந்தால் மட்டும் எனேபிள் செய்து, லைன்1 மார்க் உள்ள கனெக்‌ஷன்களை மறுபடியும் அழிக்கவேண்டும். திரும்பும்போதும் அழிப்பது அவசியம். இடைக்காலத்தில் லைன் 2 முகவரியோடு பிறந்த பதிவுகள் திரும்பி வந்த லைன் 1இல் அதேபோல் மாட்டும்.

லைன் 2க்கு இதே மாதிரி இன்னொன்று.

ஒரு ஓட்டையையும் அடைத்துவிடுங்கள். ஈதர்1 கேபிளே கழன்றால் /32 ரூட் செயலிழக்கும். அப்போது நெட்வாட்ச் பிங் டிஃபால்ட் ரூட் வழியாக லைன் 2இல் போய்ப் பதில் வாங்கி, லைன் 1 நலம் என்று சொல்லிவிடும். 208.67.222.222/32க்கு டிஸ்டன்ஸ் 20இல் ஒரு பிளாக்ஹோல் ரூட் (பாக்கெட்டை விழுங்கிவிடும் வழி) போட்டால் அந்த ஏமாற்று நடக்காது. 208.67.220.220க்கும் அதேபோல்.

4ஜி டேட்டா பற்றி: விருந்தினர் எல்லாரும் 4ஜியில் வீடியோ பார்த்தால் மாதக் கணக்கு ஒரே ராத்திரியில் காலி. லைன்1, லைன்2 டேபிள்களிலிருந்து 4ஜி ரூட்டை எடுத்துவிட்டால் போதும் என்று தோன்றும். போதாது. அந்த டேபிளில் வழி கிடைக்காவிட்டால் ரூட்டர் மெயின் டேபிளுக்குப் போய்த் தேடும், அங்கே 4ஜி இருக்கிறது. ஃபில்டரில் ஃபார்வர்ட் செயினில், சோர்ஸ் 10.20.0.0/23, அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்3 என்றால் ரிஜெக்ட் என்று ஒரு விதி போடுங்கள். ரிசப்ஷன் கம்ப்யூட்டரையும் பில்லிங்கையும் வேறு வலைப்பின்னலில், 10.20.2.0/24 என்று வையுங்கள், அவை மட்டும் 4ஜியில் போகும். ஆனால் அறையில் சிக்னல் இல்லாதபோது வைஃபை காலிங்காவது கிடைக்கவேண்டும் என்பீர்கள். ரிஜெக்ட்டுக்கு மேலே யுடிபி 500, 4500க்கு அக்செப்ட் போடுங்கள். பேச்சுக்கு ஆகும் டேட்டா சொற்பம்.

—

ஏணிக்காரன் எழுதியது:

ரூட்டர் வேலையெல்லாம் நல்லா சொல்லிட்டாங்க. கம்பத்துப் பக்கம் நான் சொல்றேன்.

அண்ணா, உங்க ரெண்டு ஃபைபரும் எந்தப் பக்கமா மேலே வருதுன்னு மொதல்ல கேளுங்க. ரெண்டும் அடிவாரத்துல இருந்து கொண்டை ஊசி ரோட்டுக் கம்பத்திலேயே ஏறி வந்தா, உங்களுக்கு ரெண்டு பில் வருது, பாதை ஒண்ணுதான். ஒரு சில்வர் ஓக் சாஞ்சா ரெண்டும் ஒண்ணா போகும். குப்பனூர் ரோட்டுப் பக்கமா ஏறுற லைன் ஒண்ணு கிடைச்சா அதை ரெண்டாவதா வைங்க. நிறுவனத்தோட அலுவலகத்துல கேட்டா சரியான பதில் வராது. ஜாயின்ட் போட வர்ற ஆளைக் கேளுங்க, கம்பம் கம்பமா சொல்வாரு.

4ஜி டவருக்கும் கீழே இருந்து ஃபைபர்தான் வருதுன்னா, ரோடு சரிஞ்ச அன்னைக்கு சிக்னல் கோடு நாலும் நிக்கும், டேட்டா ஓடாது. அடுத்த தடவை ரெண்டு ஃபைபரும் ஒண்ணா போகும்போது 4ஜியில ஒரு பக்கம் திறந்து பார்த்துக்குங்க. ஓடலைன்னா சிம்மை வேற நிறுவனத்துக்கு மாத்துங்க.

வேகத்தை செவ்வாய்க்கிழமை காலையில அளக்காதீங்க. சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு, இல்லாட்டி மே மாசம் கோடை விழா கூட்டத்துல அளங்க. 4ஜி ரூட்டரை ரிசப்ஷன் மேசைக்கு அடியில வைக்காதீங்க, மாடியில டவர் பார்த்த ஜன்னல்ல வைங்க. வெளி ஆன்டெனா போட்டா அதோட ஒயர் 5 மீட்டருக்குள்ள இருக்கணும், நீளமாயிட்டா ஆன்டெனா கொடுக்கிற லாபத்தை ஒயரே தின்னுடும். ரூட்டரை ஆன்டெனா கிட்ட கொண்டுபோய், அங்கிருந்து ஈதர்நெட் இழுக்கிறதுதான் சரி. பேண்டை (அலைவரிசையை) தேர்வு பண்ற வசதி இருந்தா 40ஐயும் 5ஐயும் தனித்தனியா வெச்சுப் பாருங்க. 40ல கூட்டம் இல்லாதப்ப வேகம் நல்லா இருக்கும். 5 மரத்தையும் சுவரையும் ஊடுருவி வரும், ஆனா வேகம் கம்மி.

இழுத்துக்கிட்டு இருக்கிற லைன் 1க்கு: ஓஎன்டி பக்கத்துல ஆப்டிகல் ரிசீவ் பவர் (வந்து சேர்ற ஒளியோட அளவு) பாருங்க. -15ல இருந்து -24 டிபிஎம் வரை நல்லது. -27ஐத் தொட்டா விட்டுவிட்டுத்தான் வரும். வெயில்ல சரியா இருந்து மழையில இறங்கினா ஜாயின்ட் பெட்டிக்குள்ள தண்ணி, இல்லாட்டி கம்பத்துல கேபிள் மடிஞ்சு நசுங்கியிருக்கு. புகார் சொல்லும்போது நெட் ஸ்லோன்னு சொல்லாதீங்க, மழையில -28 காட்டுதுன்னு சொல்லுங்க, ஸ்க்ரீன்ஷாட்டோட. அப்பத்தான் ஏணியோட ஆள் வருவாரு. பச்சைக் கனெக்டரை அடிக்கடி கழட்டாதீங்க, கழட்டினா மூடி போடுங்க. முனையில விரல் பட்டாலே ஒண்ணு ரெண்டு டிபி போயிடும். முனையைக் கண்ணுக்கு நேரா வெச்சும் பார்க்காதீங்க.

விடுதியில இருந்து தனித்தனி காட்டேஜுக்கு ஈதர்நெட் கேபிளை ஆகாசத்துல இழுத்திருந்தா முதல் வேலையா அதை மாத்துங்க. ஏப்ரல், மே இடியில நேரா விழவேண்டியதில்ல, பக்கத்துல விழுந்தாலே போர்ட் போயிடும், சில சமயம் ரூட்டரே போயிடும். ரெண்டு கோர் சிங்கிள் மோட் ஃபைபர், ரெண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை ஈதர்நெட்டா மாத்துற பெட்டி), அவ்வளவுதான். வெளியில இருந்து வர்ற டிராப் கேபிள்ல தாங்கு கம்பி எஃகா இருந்தா அதைச் சுவருக்கு வெளியிலயே வெட்டி நிறுத்திடணும், ஃபைபர் மட்டும் உள்ளே வரணும். கம்பியோட உள்ளே கொண்டுவந்து ஓஎன்டிக்குப் பக்கத்துல சுருட்டி வெச்சிருந்தா, இடியைக் கைபிடிச்சு உள்ளே கூட்டிட்டு வர்ற மாதிரி.

—

காபித்தோட்டம் எழுதியது:

நெட்வாட்ச் போட்டாச்சுங்க. வைஃபை காலிங் இப்போ தானாவே திரும்புது. காட்டேஜ் கேபிள் ஆகாசத்துலதான் போகுது, மாத்தச் சொல்லிட்டேன்.

இன்னும் ரெண்டு சின்னக் கேள்வி. கரண்ட் போனா எல்லாத்துக்கும் ஒரு யூபிஎஸ் எப்படி வைக்கிறது? கேமரா டிவிஆரை (பதிவுப் பெட்டி) வெளியில இருந்து பார்க்க லைன் 1ல போர்ட் ஃபார்வர்ட் (வெளியில இருந்து உள்ளே வர வழி திறக்கிறது) பண்ணினேன், வேலை செய்யலை. ஏன்?

—

செவ்வாய்பேட்டை_சுவிட்ச் எழுதியது:

யூபிஎஸ்: கம்ப்யூட்டர் யூபிஎஸ் வேண்டாம், 12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 12 ஆக்குறதுலயே பேட்டரி போயிடும். 12 வோல்ட் டிசி வெளியீடு இருக்கிற ரூட்டர் யூபிஎஸ் வாங்குங்க. ஓஎன்டி அடாப்டர் லேபிளைப் படிங்க, பெரும்பாலும் 12 வோல்ட் 1 ஆம்பியர்தான். ஹெக்ஸ் கூட வர்ற அடாப்டர் 24 வோல்ட், ஆனா அது 12 வோல்ட்டையும் ஏத்துக்கும், அதனால 12 போதும். ரெண்டு ஓஎன்டி, ஹெக்ஸ், 4ஜி ரூட்டர் எல்லாத்தோட ஆம்பியரையும் கூட்டி, அதுக்கு மேலே கால் பங்கு வெச்சு வாங்குங்க. சுவிட்சையும் அக்சஸ் பாயின்ட்டையும் (வைஃபை கொடுக்கிற பெட்டி) மறந்துடாதீங்க. ரூட்டர் மட்டும் உயிரோட இருந்து அக்சஸ் பாயின்ட் செத்துக் கிடந்தா யாருக்கு லாபம்?

டிவிஆர்: லைன் 1 ஓஎன்டி பக்கத்துல வேன் ஐபி என்னன்னு பாருங்க. 100.64ல இருந்து 100.127 வரைக்குள்ள ஆரம்பிச்சா உங்களுக்குப் பொது ஐபி கிடையாது, நிறுவனத்தோட நாட் (முகவரி மாற்றம்) பெட்டிக்குப் பின்னாடி இருக்கீங்க. எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியில இருந்து உள்ளே வராது. நிறுவனத்துக்கிட்ட ஸ்டேட்டிக் ஐபி கேட்டு வாங்கலாம், ஆனா லைன் 1 செத்தா அதுவும் போச்சு. டிவிஆரோட சொந்த கிளவுட் செயலியைப் பயன்படுத்துங்க, அது உள்ளே இருந்து வெளியே போற கனெக்‌ஷன்ங்கிறதால எந்த லைன்ல இருந்தாலும் ஓடும். டிவிஆரை 10.20.2.0/24 வலைப்பின்னல்ல வைங்க, ஆனா 4ஜியில இருக்கும்போது பார்க்கிறவங்க சப் ஸ்ட்ரீமை (தரம் குறைஞ்ச படம்) மட்டும் எடுக்கிற மாதிரி செயலியில மாத்திடுங்க.

வேன் ஐபி பொது ஐபியாவே இருந்தா சொல்லுங்க. அப்போ ஓஎன்டியில ஒரு ஃபார்வர்ட், ஹெக்ஸ்ல ஒரு ஃபார்வர்ட்னு ரெண்டு இடத்துல போடணும். அதோட ஈதர்1 வழியா உள்ளே வர்ற புது கனெக்‌ஷனுக்கு லைன்1 மார்க் போட ப்ரீரூட்டிங்ல ஒரு விதி, பிசிசி விதிகளுக்கு மேலே. கேமரா 10.20.2ல இருக்கிறதால மேலே இருக்கிற மார்க் ரூட்டிங் விதி அதுக்கும் பொருந்துதான்னு ஒருதரம் பார்த்துக்குங்க. தனி பிரிட்ஜ் போட்டிருந்தீங்கன்னா இன் இன்டர்ஃபேஸ் பொருந்தாது, அந்த பிரிட்ஜுக்கும் அதே விதியைப் போடணும். இல்லாட்டி லைன் 1ல வந்த கேள்விக்குப் பதில் வேற லைன்ல வெளியே போய் செத்துப்போகும்.